அம்மம்மாவை இனியும் முதியோர் இல்லத்துக்கு அனுப்பாதீர்கள்: கதைப் போட்டி நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அமைப்பாளர்களுக்கும் நடுவர்களுக்கும்,

வணக்கம். ரொறன்ரோவிலும் சுற்றியுள்ள நகரங்களிலும் தை மாதம் பிறந்தால் நீங்கள் நடத்துகிற சிறுகதைப் போட்டிகளைப் பற்றித்தான் இந்த மடல். ஒன்ராறியோ மாகாணம் 2014இல் ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாகச் சட்டத்தில் எழுதியது. 2016இல் கனடிய நாடாளுமன்றமும் அதை ஏற்றுக்கொண்டது. அதன் பிறகு பேச்சு, கோலம், பொங்கல் பானை என்று மாதம் நிறைந்துவிட்டது. அந்த நெரிசலில் கதைக்கும் ஓர் இடம் ஒதுக்கினீர்கள், அதற்கு நன்றி. நான் ஸ்காபரோவில் சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு எடுக்கிறவள். என் பிள்ளைகளின் கதைகளை உங்களுக்கு அனுப்புகிறேன். சில வருடங்கள் முதல் சுற்று வாசிப்புக்கும் வந்திருக்கிறேன். எந்தக் கதை வருகிறது, எது ஜெயிக்கிறது என்று எனக்கு ஓரளவு தெரியும்.

ஜெயிக்கிற கதை இதுதான். அம்மம்மாவை மகன் முதியோர் இல்லத்தில் விடுகிறான். பேத்திக்குத் தமிழ் தெரியாது. அம்மம்மா சாகிறார். அவருடைய பெட்டிக்குள் ஒரு கடிதம் கிடக்கிறது. பேத்தி யாரையோ பிடித்து அதை வாசிக்கக் கேட்டு, அழுது, பரதநாட்டிய வகுப்பில் சேர்கிறாள். வெளியே பனி கொட்டுகிறது. இரண்டாம் பரிசு வாங்குவது சாப்பாட்டுப் பெட்டிக் கதை. பையன் இடியப்பத்தைத் திறக்க வெட்கப்படுவான், வெள்ளைக்காரப் பிள்ளைகள் மூக்கைப் பொத்துவார்கள், கடைசிப் பக்கத்தில் அதே பிள்ளைகள் சம்பல் கேட்பார்கள்.

என் வகுப்பில் ஒரு பிள்ளை முதல் வகைக் கதையை எழுதிக்கொண்டு வந்தாள். அவளுடைய அம்மம்மாவை எனக்கு நன்றாகத் தெரியும். ஒருவர் துணையும் இல்லாமல் இரண்டு பஸ் மாறிக் கோயிலுக்குப் போய் வருகிற மனுஷி. வீட்டுச் சமையலறையில் மருமகனுக்கே இடமில்லை. "ஏன் அவரைக் கொண்டுபோய் இல்லத்தில விட்டனீர்?" என்று கேட்டேன். "அப்பதான் ரீச்சர் பரிசு கிடைக்கும்" என்றாள். பன்னிரண்டு வயதுக்கே உங்களை அவள் படித்துவிட்டாள்.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். 'இரு பண்பாடுகளுக்கிடையே சமநிலை' என்று தலைப்புக் கொடுக்கிறீர்கள். அந்தச் சமநிலை எப்படி இருக்க வேண்டும் என்பதையும் நீங்களே முடிவு செய்துவைத்திருக்கிறீர்கள். பிள்ளைகள் அதற்குக் கதை கட்டித் தருகிறார்கள். வீட்டில் உண்மையில் நடப்பது கதைக்குள் வராமலே போகிறது.

முதலில் அந்த வெள்ளைக்காரப் பிள்ளைகளை எடுங்கள். ஸ்காபரோவின் மால்வேர்னிலோ மோர்ணிங்சைட் பக்கமோ ஓர் அடுக்குமாடியில் ஏறிப் பாருங்கள். ஒரே மாடியில் பிலிப்பைன்ஸ்காரர், ஜமேக்கர், குஜராத்தி, ஆப்கானியர், நாங்கள். பக்கத்து மேசைப் பிள்ளையே கருவாடு கொண்டு வருகிற பள்ளிக்கூடத்தில் இடியப்பத்துக்கு யார் மூக்கைப் பொத்துவது? எங்கள் பிள்ளைகள் பஸ்ஸில் பேசுகிற ஆங்கிலத்தில் ஜமேக்கச் சொல்லும் சோமாலிச் சொல்லும் தாராளமாகக் கிடக்கின்றன. அவர்கள் வந்து சேர்ந்த 'புதிய நாடு' அதுதான். கதையில் மட்டும் பக்கத்து வீட்டில் எப்போதும் ஒரு மிஸஸ் ஸ்மித் இருக்கிறார். இந்த ஸ்மித்தை நான் இன்னும் சந்திக்கவில்லை.

ஒரு பையன் எழுதிய கதையைச் சொல்கிறேன். அவன் பெயர் வேண்டாம். உங்களில் ஒரு போட்டிக்கு வந்து முதல் சுற்றிலேயே விழுந்த கதை. அவனுடைய அம்மம்மா, பெற்றோரும் பாட்டன் பாட்டிமாரும் நீண்ட காலம் வந்து தங்கிப் போகக் கொடுக்கிற சுப்பர் விசாவில் வந்திருக்கிறார். பெரியவர்களுக்கு இந்த விசாவின் வரலாறு தெரியும். 2011 நவம்பரில் பெற்றோரை நிரந்தரமாக இங்கே அழைக்க ஸ்பொன்சர் செய்யும் விண்ணப்பங்களை அரசாங்கம் நிறுத்தியது. அடுத்த மாதமே சுப்பர் விசாவைக் கொண்டுவந்தது. 2014இல் ஸ்பொன்சர் மறுபடி திறந்தபோது வருடத்துக்கு 5,000 விண்ணப்பம் என்று எல்லை போட்டார்கள். பெற்றோருக்குப் பொறுப்பு நிற்க வேண்டிய காலம் 10 வருடத்திலிருந்து 20 ஆனது. சுப்பர் விசாவில் வருகிறவருக்கு மாகாணத்தின் இலவச மருத்துவம் இல்லை. குறைந்தது ஒரு லட்சம் டொலருக்குத் தனியார் காப்புறுதி எடுக்க வேண்டும். ஏற்கெனவே உள்ள நோய் என்றால் பல காப்புறுதிகள் கையை விரித்துவிடும்.

அந்தக் கதையில் அம்மம்மாவுக்கு நெஞ்சு வலிக்கிறது. பழைய வலி. சொன்னால் மகளுக்கும் மருமகனுக்கும் பெரும் செலவு வரும் என்று அவருக்குத் தெரியும். பேரனிடம் மட்டும் சொல்லி, சாமிப் படத்துக்கு முன் சத்தியம் வாங்கிவிடுகிறார். மேல் மாடியில் இருக்கும் பிலிப்பைன்ஸ் பெண் முதியோரைப் பராமரிக்கும் வேலை செய்கிறவர். வேலை முடிந்து வரும்போது இரத்த அழுத்தம் பார்த்துவிட்டுப் போவார், அவருக்குப் புட்டுக் கட்டிக் கொடுப்பார்கள். அம்மம்மாவுக்கும் அந்தப் பெண்ணுக்கும் பொதுவாக ஒரு மொழியும் இல்லை. நடுவில் நின்று சொல்கிற பையன், அம்மம்மா சொல்லாதே என்றதைச் சொல்லவும் முடியாமல், அந்தப் பெண் கேட்பதற்குப் பொய் சொல்லவும் முடியாமல், இரண்டு பக்கத்துக்கும் வேறு வேறு விதமாகச் சொல்லத் தொடங்குகிறான். கதை அங்கே நிற்கிறது. அம்மம்மா சாகவில்லை. பிழைக்கவும் இல்லை.

நடுவர் குறிப்பு ஒரு வரி: "தமிழ்ப் பண்பாடு போதிய அளவு வெளிப்படவில்லை." மருமகனுக்குச் செலவு வைக்கக் கூடாது என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற ஒரு யாழ்ப்பாணத்துக் கிழவியிடம் இதற்கு மேல் என்ன பண்பாட்டை எதிர்பார்த்தீர்கள் என்று எனக்கு விளங்கவில்லை. வேட்டியும் குத்துவிளக்கும் வந்திருந்தால் போதுமோ என்னவோ.

இந்தப் பழக்கம் நமக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். என் ஊகம் ஒன்று உண்டு. சரியாக இருக்க வேண்டும் என்றில்லை. இந்த நாட்டில் நம்மில் பல குடும்பங்கள் சொன்ன முதல் கதை, கேஸ், அதாவது அகதி அடைக்கலம் கேட்டுச் சொன்னது. 1986 ஆகஸ்டில் நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மீட்கப்பட்ட 155 பேரிலிருந்து, 2010 ஆகஸ்டில் சன் சீ கப்பலில் பிரிட்டிஷ் கொலம்பியாவுக்கு வந்த 492 பேர் வரை, விமானத்தில் வந்து இறங்கியவர்களையும் சேர்த்து, அகதி வாரியத்துக்கு முன்னால் நாங்கள் எங்கள் வாழ்க்கையைச் சொல்லியிருக்கிறோம். லோயர் சொல்லித் தருவார்: திகதி மாறக் கூடாது, முன்னுக்குப் பின் முரண் கூடாது, கேட்டதற்கு மட்டும் பதில். அங்கே ஆபத்து, நடுவில் பயணம், இங்கே பாதுகாப்பு. கேஸில் சொன்னது பொய் என்று நான் சொல்லவில்லை. உண்மைதான், ஆனால் படிவத்தின் அளவுக்கு வெட்டிய உண்மை. வழியில் பாங்கொக்கில் மாதக் கணக்கில் காத்திருந்தபோது பயத்தை விட அலுப்புத்தான் கூட இருந்தது, அடைத்துக் கிடந்த அறையில் யாரோ ஒருத்தியைப் பிடித்துப்போனது, விட்டுவிட்டு வந்த நாய், எல்லாரும் போன பிறகும் வீட்டை விட்டு வர மறுத்த தகப்பனிடம் கடைசியாகக் கோபமாகப் பேசியது. இவற்றுக்குப் படிவத்தில் பெட்டி இல்லை. பலர் தங்கள் பிள்ளைகளுக்கும் அந்தக் கேஸையே சொல்லி வளர்த்துவிட்டார்கள்.

இப்போது உங்கள் போட்டிப் படிவத்தைப் பாருங்கள். அங்கே இருந்தோம், பாடுபட்டோம், இங்கே வந்தோம், பண்பாட்டைக் காத்தோம். அதே வரிசை. திகதி முரண்படுவதற்குப் புனைகதையில்தானே இடம் உண்டு? அதையும் ஏன் அகதி வாரியத்து ஹியரிங் ஆக்குகிறீர்கள்?

இந்த நாட்டிலேயே நல்ல முன்னுதாரணம் இருக்கிறது. 1942இல் பிரிட்டிஷ் கொலம்பியாக் கரையிலிருந்து ஏறத்தாழ 22,000 ஜப்பானியக் கனடியரை அரசாங்கம் வீடுவாசலை விட்டு அப்புறப்படுத்தியது. அதைச் சின்ன வயதில் அனுபவித்த ஜாய் கொகாவா 1981இல் 'ஒபாசான்' நாவலை வெளியிட்டார். அதில் வருகிற பெரியம்மா அதிகம் பேச மாட்டார். நடந்ததை வெளியே சொல்லி நியாயம் கேட்கிற இன்னோர் அத்தையும் இருக்கிறார். ஒருவர் பக்கம் சரி, மற்றவர் பக்கம் பிழை என்று நாவல் கையைக் காட்டவில்லை. அரசாங்கம் மன்னிப்புக் கேட்டது ஏழு வருடம் கழித்து, 1988இல். பண்பாட்டைக் காப்பாற்றுங்கள் என்று யாருக்கும் புத்தி சொல்லாத ஒரு புத்தகம் அந்தச் சமூகத்தின் மௌனத்தை இந்த நாட்டின் பள்ளிக்கூட வகுப்புகளுக்குள் கொண்டுபோனது.

நம்மிடமும் அப்படி எழுத ஆட்கள் இருக்கிறார்கள். இலங்கையில் நடந்த போரை நிறுத்தச் சொல்லி 2009 மே 10ஆம் திகதி ரொறன்ரோவின் கார்டினர் நெடுஞ்சாலையில் போய் நின்ற பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். அன்று பள்ளிக்கூட வயதில் நின்றவர்களுக்கு இன்று முப்பது வயதளவில் ஆகிறது. சாலையை மறித்ததற்கு அடுத்த நாள் வகுப்பில் கிடைத்த வரவேற்பு ஒன்று, வீட்டில் தொலைபேசிக்கு முன்னால் பெற்றோர் இருந்த நிலை இன்னொன்று. அவர்கள் எழுத வேண்டிய கதையை வேறு யாரும் எழுத முடியாது. ஆனால் உங்கள் போட்டிக்கு வயதெல்லை 18. எழுதினாலும் அவர்களில் பலர் ஆங்கிலத்தில்தான் எழுதுவார்கள், அதற்கும் இடமில்லை.

மொழி விதியைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. பிறமொழிச் சொல்லுக்குப் புள்ளி குறைப்பதால், தொழிற்சாலையில் இரவு வேலைக்கு ஓடுகிற தாய் கதைக்குள் வந்ததும் வானொலிச் செய்தி வாசிக்கிறார். அவ்வளவுதான். இங்கே சனிக்கிழமை வகுப்பு என்பது 1977இல் ஒன்ராறியோ தொடங்கிய மரபுமொழித் திட்டத்தின் தொடர்ச்சி. வாரத்தில் இரண்டரை மணி நேரம், அதில் இடைவேளையும் போகும். அந்த நேரத்தை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளை தமிழில் ஒரு கதையை எழுதி முடிப்பதே பெரிய விஷயம்.

'நாங்களும் இல்லாவிட்டால் தமிழை யார் காப்பாற்றுவது?' என்று நீங்கள் கேட்பீர்கள். கேள்வி நியாயமானது, அதில் உங்களோடு எனக்குச் சண்டை இல்லை. பரிசுக் காசு தருகிற கடைக்காரர்களுக்கும் வீட்டு முகவர்களுக்கும் மேடையில் சொல்ல ஒரு நல்ல செய்தி வேண்டும் என்பதும் தெரியும். அந்த வேலையைப் பேச்சுப் போட்டி செய்யட்டும். அது அதற்குத்தானே இருக்கிறது.

அனுப்பாத ஒரு கதையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். பதினாறு வயதுப் பெண் தான் பெரியபிள்ளையானதற்குச் செய்த சாமத்தியச் சடங்கை எழுதியிருந்தாள். தகப்பன் அதற்காக ஓவர்டைம் செய்தது, மண்டபத்தில் சிம்மாசனம் போன்ற கதிரையில் இருந்துகொண்டு வருகிற என்வலப்புகளை மனதுக்குள் எண்ணியது, தலை அலங்காரம் பிடித்தது, எல்லாரும் தன்னைப் பார்த்தது பிடிக்காதது, பிறகு அதுவும் கொஞ்சம் பிடித்தது. எதிர்ப்பும் இல்லை, பெருமையும் இல்லை. நான் வாசித்த மாணவர் கதைகளில் மிகச் சிறந்தது. "ரீச்சர், இதை அனுப்ப வேண்டாம், பரிசுக் கதைகளைப் புத்தகமாகப் போடுவினம், அம்மா வாசிப்பா" என்றாள். சரி என்று திருப்பிக் கொடுத்துவிட்டேன். புனைபெயரில் எழுதலாம் என்று உங்கள் விதிகளில் இருந்திருந்தால் அவளிடம் இன்னொரு தடவை கேட்டிருப்பேன்.

ஆகவே அடுத்த அறிவிப்புக்கு முன் சிலவற்றை யோசியுங்கள். புனைபெயரை அனுமதியுங்கள். வயதெல்லையை எடுத்துவிட்டு, அம்மம்மாக்களையும் எழுதச் சொல்லுங்கள். அவர்களுக்கு முதியோர் இல்லத்தைப் பற்றிச் சொந்த அபிப்பிராயம் இருக்கலாம். தமிழில் ஒன்று, ஆங்கிலத்தில் ஒன்று என்று இரண்டு பிரிவு வையுங்கள். நடுவர் குழுவில் இங்கே பிறந்தவர் ஒருவராவது இருக்கட்டும். அப்புறம், புள்ளித் தாளில் 'பண்பாட்டுச் செய்தி' என்று 25 புள்ளிக்கு ஒரு வரிசை இருக்கிறதே, அதை அடித்துவிடுங்கள்.

முதல் சுற்று வாசிப்புக்கு ஆள் தேவைப்பட்டால் வழக்கம்போல வருகிறேன், தேத்தண்ணி மட்டும் போதும். அந்த வரிசை இருந்தால் மட்டும் என்னைக் கூப்பிட வேண்டாம்.

இப்படிக்கு,
ஸ்காபரோவிலிருந்து ஒரு சனிக்கிழமை ரீச்சர்