செவ்வாய்க்கிழமை அப்பாக்களுக்கு

சிகாகோவின் தெற்குப் பகுதியில், 79ஆம் தெருப் பக்கம், தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் செவ்வாய்தோறும் கூடும் கறுப்பின அப்பாக்களுக்கு நன்றி. நேரில் சொல்லிவிட்டேன். ஆனாலும் தமிழில் எழுதக் காரணம் உண்டு. "அவங்க பிள்ளையைப் பெத்துப் போட்டுட்டுப் போயிடுவாங்க" என்று நம்மவர் வீட்டு விருந்துகளில் எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன். ஒரு தடவைகூட மறுத்துப் பேசியதில்லை.

விவாகரத்துக்குப் பிறகு என் ஆறு வயது மகள் அவள் அம்மாவோடு இருக்கிறாள். முதல் நாள் உங்கள் நடுவே உட்கார்ந்தபோது, பெரியவர் ஒருவர் "நாளைக்குப் பாப்பாவுக்குப் பள்ளியில் என்ன இருக்கு?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. "இப்பவே போன் பண்ணிக் கேளு" என்றார். அன்றிலிருந்து தினமும் எட்டு மணிக்குக் கேட்கிறேன்.

முடிதிருத்தும் கடைக்காரரே, கடை சாத்திய பிறகு எனக்குச் சடை பின்னக் கற்றுத் தந்தீர்கள். நுனியிலிருந்து சிக்கெடுக்க வேண்டும். இன்னொரு கை வேர்ப்பக்கம் முடியை அழுத்திப் பிடித்திருக்க வேண்டும், அப்போதுதான் குழந்தைக்கு வலிக்காது. வேறு வீட்டில் வளரும் மூன்று மகள்களுக்காக நீங்கள் கற்றுக்கொண்டது அது.

எனக்கு வேலை போனதும் "பிள்ளைக்குக் கட்டும் ஜீவனாம்சத்தைக் குறைக்கச் சொல்லி இன்றைக்கே நீதிமன்றத்தில் மனு போடு" என்று விரட்டிய நண்பரே, உங்களுக்குத்தான் பெரிய கடன்பட்டிருக்கிறேன். ஏறிவிட்ட ஜீவனாம்ச பாக்கியைப் பின்னால் நீதிபதியே குறைக்க முடியாது, 1986ஆம் ஆண்டு அமெரிக்கச் சட்டம் அப்படி. மனு கொடுத்த பிறகு வரும் தொகையைத்தான் மாற்றலாம். நீங்கள் சிறையில் இருந்தபோது இதைச் சொல்ல உங்களுக்கு ஆளில்லை. வெளியே வந்தபோது பாக்கி மலையாகி நின்றது. அப்படியும் இரவு வேலை முடித்து, இரண்டு பேருந்து மாறி, மகனைப் பள்ளி வாசல்வரை கூட்டிப்போகிறீர்கள்.

நூலகத்து அம்மாவுக்கும் நன்றி. 2013 டிசம்பரில் அமெரிக்க அரசின் சுகாதாரப் புள்ளிவிவர மையம் வெளியிட்ட அறிக்கையை அச்செடுத்துக் கொடுத்தார். பிள்ளைகளைப் பிரிந்து வாழும் அப்பாக்களில், குழந்தையைக் குளிப்பாட்டுவது, வீட்டுப்பாடம் பார்ப்பது போன்றவற்றில் கறுப்பின அப்பாக்கள் மற்றவர்களுக்குக் குறைந்தவர்கள் இல்லை, பலவற்றில் கூடுதலாகவே செய்கிறார்கள் என்கிறது அது. விருந்துப் பேச்சுக்கு இனி அந்தத் தாளை நீட்டுவேன்.

அப்புறம், என் மகளின் அம்மாவுக்கு: அந்த எட்டு மணி அழைப்பை ஒருநாளும் நீ தடுத்ததில்லை. நன்றி.

வரும் செவ்வாய் உளுந்து வடை கொண்டு வருகிறேன். பாப்பாவும் வருகிறாள், நான் பின்னிவிட்ட இரட்டைச் சடையோடு.