எங்கள் வளவுக் கோழிகளைக் காத்தவர்களுக்கு நன்றி

திருச்செங்கோடு பக்கம் எங்கள் வளவில் கோழிகளைக் கொல்லும் வெள்ளைக்கழிச்சல் நோய் புகுந்து, சில வீடுகளில் கொடாப்பே, அதாவது கோழிக்கூண்டே, காலியாகிவிட்டது. எங்கள் சாளையில் மட்டும் சிறுவிடை என்னும் நாட்டுக்கோழிப் பெட்டைகளில் பெரும்பாலானவை பிழைத்து, இப்போது முட்டையும் இடுகின்றன. அதற்குக் காரணமானவர்களை ஊரறியச் சொல்லாவிட்டால் எனக்கு மனசு ஆறாது.

முதலில் எங்கள் அம்மிச்சி, அம்மாவைப் பெற்றவர். காலையில் கொடாப்பைத் திறந்ததும் கம்புக்கு ஓடிவரும் கோழிகளைத்தான் நாங்கள் பார்ப்போம். அம்மிச்சி ஓடாத கோழியைப் பார்ப்பார். அன்று ஒரு செவலைப் பெட்டை கடைசியாக வந்து, றெக்கையைத் தொங்கப் போட்டு, கழுத்தை உள்ளிழுத்துக்கொண்டு நின்றது. அம்மிச்சி அதைப் பிடித்து, கழுத்தடியில் இரை தங்கும் தீனிப்பையைத் தடவினார். விடிகாலையில் காலியாக இருக்கவேண்டிய பை, முந்தின நாள் இரை செரிக்காமல் கொளகொளவென்று கிடந்தது. வாயைத் திறந்து திறந்து மூச்சு வாங்கியது. அடியில் எச்சம் பச்சையும் வெள்ளையுமாகத் தண்ணியாகப் போயிருந்தது. "இது வெறும் சளி இல்ல சாமி, கழிச்சல். இதைத் தனியாப் போடு, மத்ததை வெளிய உடாதே" என்றார். கழுத்து முறுக்கிக்கொண்ட பிறகுதான் நோய் என்று பலருக்கும் தெரியும். அதற்குள் அது கொடாப்பு முழுக்கப் பரவியிருக்கும்.

மறுநாள் அந்தப் பெட்டை செத்துப்போனது. பக்கத்துத் தோட்டத்து மாமா வெள்ளாமை வேலையைப் போட்டுவிட்டு, அதை இரட்டைப் பையில் கட்டி நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரிக்கு வண்டியில் கொண்டுபோனார். அங்கிருந்த மருத்துவர் அறுத்துப் பார்த்து, இரைப்பையின் உட்சுவரில் குண்டூசி முனை அளவில் ரத்தப் புள்ளிகள் இருந்ததைக் காட்டினாராம். இது வைரஸ் நோய், மாத்திரை வாங்கிக் கரைத்து ஊற்றிக் காசைக் கரைக்க வேண்டாம், இன்னும் நோய் காணாத கோழிகளுக்கு உடனே தடுப்பூசி போடுங்கள் என்று பொறுமையாகச் சொல்லி அனுப்பினார். அவருக்கு எங்கள் வணக்கம்.

கால்நடை மருந்தக மருத்துவரம்மாவும் ஆய்வாளரும் வெயில் தாழ்ந்ததும் பனிக்கட்டிப் பெட்டியோடு வந்துவிட்டார்கள். குஞ்சுகளுக்குக் கண்ணில் ஒரு சொட்டு. 8 வாரம் தாண்டியவற்றுக்கு றெக்கைத் தோலுக்கு அடியில் ஊசி. மருந்தைக் கலக்கிவிட்டால் சூடு படாமல் சீக்கிரம் போட்டு முடிக்கவேண்டும் என்பதால், வளவுப் பிள்ளைகள் வீடு வீடாக ஓடிக் கோழி பிடித்துக் கொடுத்தார்கள். கண்ணுகளா, நல்லா இருங்க.

இதையெல்லாம்விடப் பெரிய நன்றி, எல்லாக் கோழியையும் இழந்த அந்த வீடுகளுக்கு. சோர்ந்து நின்ற கோழிகளைச் சந்தைக்குக் கொண்டுபோயிருந்தால் அவர்களுக்குக் கொஞ்சம் காசாவது மிஞ்சியிருக்கும்; நோய் நாலு ஊருக்குப் போயிருக்கும். அவர்கள் ஒன்றைக்கூட விற்கவில்லை. செத்ததை வாய்க்காலில் வீசாமல், ஆழக் குழி தோண்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதைத்தார்கள்.

எங்கள் பெட்டைகள் இரண்டு இப்போது அடையில் இருக்கின்றன. பொரிக்கும் குஞ்சுகள் முதலில் அந்த வீடுகளுக்குத்தான். 7ஆம் நாள் சொட்டு மருந்து விட்டு, கொஞ்சம் தேறிய பிறகு நானே கொண்டுவந்து தருகிறேன். அதுவரை பழைய கொடாப்பைக் கழுவி, நல்ல வெயிலில் காயப் போட்டு வையுங்கள்.