செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25: அளந்து பார்த்து வாங்குவோம்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, நிர்வாகக் குழு உறுப்பினர்களே, பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கும் பெற்றோர்களே, அனைவருக்கும் வணக்கம்.

போன பொதுக்குழுவில் ஒரு தீர்மானம் போட்டோம். இலவசமாகக் கிடைத்தாலும் சரி, சொந்தக் காசு போட்டாலும் சரி, உடம்பை அளந்து பார்க்காமல் மாற்றுத்திறனாளிகளான நம் பிள்ளைகளுக்குச் சக்கர நாற்காலியோ, சி.பி. சேரோ (மூளை முடக்குவாதம் உள்ள பிள்ளைகளைச் சாயாமல் தாங்கும் நாற்காலி), ஸ்டாண்டிங் ஃபிரேமோ (பிள்ளையைத் தாங்கி நிற்க வைக்கும் சட்டம்) வாங்குவதில்லை என்பதுதான் அது. இந்த ஆண்டு நடந்த வேலையில் பெரும்பகுதி அதைச் சுற்றியே அமைந்தது. மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். நிர்வாகக் குழு தவறாமல் கூடியது. மாற்றுத்திறனாளிகளுக்கான நிராமயா மருத்துவக் காப்பீட்டைப் புதுப்பிக்கவும் தனித்துவ அடையாள அட்டை வாங்கவும் உறுப்பினர்களுக்கு உதவினோம். டிசம்பர் 3 மாற்றுத்திறனாளிகள் தினம் நன்றாக நடந்தது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார்.

தீர்மானம் ஏன் வந்தது என்று புதிய உறுப்பினர்கள் கேட்கிறார்கள். மூளை முடக்குவாதம் உள்ள ஆறு வயதுப் பெண் குழந்தைக்கு ஒரு முகாமில் சக்கர நாற்காலி கொடுத்தார்கள். இருக்கை 18 அங்குல அகலம், பெரியவர்கள் உட்காரும் அளவு. குழந்தையின் இடுப்போ அதில் பாதிகூட இல்லை. அம்மா இரண்டு பக்கமும் தலையணை வைத்துப் பார்த்தார். அப்போதும் பிள்ளை ஒரு பக்கமாகவே சரிந்தாள். அப்படிச் சாய்ந்தே உட்கார்ந்து பழகினால் முதுகு நாளடைவில் வளைந்தே நின்றுவிடும். தலை பின்னால் தொங்கும்போது ஊட்டினால் சோறு மூச்சுக்குழாய்க்குள் இறங்கும் ஆபத்தும் உண்டு. கடைசியில் நாற்காலி திண்ணைக்குப் போனது, பிள்ளை பழையபடி பாய்க்குப் போனாள். வாங்கிக் கொடுத்ததாகக் கணக்கில் இருக்கிறது. அந்தப் பிள்ளைக்கு அதனால் ஒரு பயனும் இல்லை.

ஆகவே மாதம் ஒரு சனிக்கிழமையை அளவெடுக்கும் நாளாக வைத்தோம். பிசியோதெரபிஸ்ட் ஒருவரும் அன்றாட வேலைகளைச் செய்யப் பழக்கும் ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் ஒருவரும் சம்பளம் வாங்காமல் வந்து பார்க்கிறார்கள். முதல் கேள்வி அம்மாவிடம்தான். நாற்காலி எதற்கு வேண்டும்? சாப்பிடவா, பள்ளியில் உட்காரவா, வெளியே கூட்டிப் போகவா? வீட்டு நிலைக்கதவு எவ்வளவு அகலம்? ஆட்டோவில் ஏற்ற வேண்டுமா? இதைக் கேட்காமல் எழுதப்படும் நாற்காலி வாசற்படியிலேயே நின்றுவிடும்.

அப்புறம் குழந்தையைப் பாயில் படுக்க வைத்து, இடுப்பு எவ்வளவு மடங்குகிறது, முழங்கால் எவ்வளவு நீள்கிறது, முதுகின் வளைவு கையால் திருத்தினால் நேராகிறதா என்று பார்க்கிறார்கள். அடுத்து உட்கார வைத்து, எந்த இடத்தில் கை கொடுத்துத் தாங்கினால் தலை நிமிர்கிறது என்று தேடுகிறார்கள். கை தாங்கிய இடம்தான் பிறகு பக்கத் திண்டாகவோ பெல்ட்டாகவோ மாறுகிறது. டேப் எடுப்பது கடைசியில்தான். இடுப்பின் அகலம், முதுகிலிருந்து முழங்கால் மடிப்பு வரை, மடிப்பிலிருந்து குதிகால் வரை, டிரேவுக்காக முழங்கை உயரம் எல்லாம் எழுதப்படும். இருக்கையின் விளிம்புக்கும் முழங்கால் மடிப்புக்கும் இடையே இரண்டு விரல் நுழைய வேண்டும். வளரும் பிள்ளைதானே என்று மூன்று அங்குலம் கூட்டி வாங்கச் சொல்லும் பெற்றோரிடம் பொறுமையாகப் பேச வேண்டியிருந்தது. கூடுதல் இடம் வேண்டுமானால், நகர்த்தி வைக்கக்கூடிய முதுகுப் பலகையும் ஃபுட்ரெஸ்டும் (பாதம் வைக்கும் பலகை) உள்ளதைக் கேட்கலாம்.

இதனால் என்ன மாறியது என்பதற்கு ஒரு பையனைச் சொல்கிறேன். எந்த நாற்காலியில் வைத்தாலும் முன்னால் வழுக்கி வந்துவிடுவான். பெல்ட்டை இறுக்கி இறுக்கி வயிற்றில் தழும்பே விழுந்திருந்தது. படுக்க வைத்துப் பார்த்தபோது தொடையின் பின்பக்கத் தசை ரொம்ப இறுக்கமாக இருந்தது. அந்தத் தசை இடுப்பையும் முழங்காலையும் ஒருசேரக் கடந்து போகிறது. காலை நீட்டி வைத்தால் அது இடுப்பைப் பிடித்து முன்னால் இழுக்கும். ஃபுட்ரெஸ்டைப் பின்னால் தள்ளி முழங்காலுக்குக் கீழே கொண்டு வந்தார்கள். பெல்ட்டை வயிற்றிலிருந்து இறக்கி, தொடை மடியும் இடத்தில் போட்டார்கள். வழுக்குவது பெருமளவு நின்றது. இப்போது டிரேயில் தட்டு வைத்துத் தானே எடுத்துச் சாப்பிடுகிறான். புதிதாக எதுவும் வாங்கவில்லை.

ஸ்டாண்டிங் ஃபிரேம் பற்றி ஒரு வார்த்தை. எலும்பு உறுதிக்கு வாரத்தில் 5 நாள், நாளுக்கு 60 முதல் 90 நிமிடம் நிற்க வேண்டும் என்று 2013இல் வந்த ஆய்வுத் தொகுப்பு சொல்கிறது. நம் வீடுகளில் முதல் நாளே அது நடக்காது. அம்மா தனியாளாகத் தூக்கி நிறுத்த வேண்டும். பத்து நிமிடத்தில் தொடங்கி, பிள்ளை கார்ட்டூன் பார்க்கும் நேரத்தோடு சேர்த்து மெல்லக் கூட்டுகிறோம். தானாக நடக்க முடியாத பிள்ளைகளுக்கு இடுப்பு மூட்டு விலகும் வாய்ப்பு அதிகம் என்பதால், எக்ஸ்ரே பார்த்து மருத்துவர் சொன்ன பிறகே ஃபிரேமில் நிற்க வைக்கிறோம். சிக்கலான பிள்ளைகளை வேலூர் சி.எம்.சி.க்கும் முட்டுக்காட்டில் உள்ள பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனத்துக்கும் போகச் சொல்லி வழிகாட்டினோம்.

அரசு உதவியில் ஒரு விஷயம் பலருக்குத் தெரியவில்லை. மாற்றுத்திறனாளிகளுக்கு உதவிக் கருவிகள் தரும் மத்திய அரசின் ஏ.டி.ஐ.பி. திட்டத்தில் ஒருமுறை கருவி வாங்கினால் அதே தேவைக்கு மூன்று ஆண்டு காத்திருக்க வேண்டும். ஆனால் 12 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு ஓராண்டு போதும். பிள்ளைகள் வளர்வதை எண்ணித்தான் இந்த விதி. மூன்று ஆண்டு கழித்து வாருங்கள் என்று திருப்பி அனுப்பினால், விதியை எடுத்துச் சொல்லி எழுத்தில் பதில் கேளுங்கள். சங்கம் கூட வரும்.

திங்கள்கிழமை மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் மாவட்ட ஆட்சியரிடம் மனு கொடுத்தோம். மதிப்பீட்டு முகாமில் ஒவ்வொரு குழந்தைக்கும் அளவுச் சீட்டு எழுத வேண்டும், கருவி வந்ததும் பொருத்திப் பார்த்துக் கொடுக்க வேண்டும் என்பவை கோரிக்கைகள். அளவெடுத்துப் பல மாதம் கழித்து நாற்காலி வரும்போது பிள்ளை வளர்ந்துவிடுகிறது, யாரும் திரும்ப அளப்பதில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் 2023ஆம் ஆண்டு வழிகாட்டுதல், தேர்வு செய்வது, பொருத்துவது, பயிற்சி தருவது, தொடர்ந்து கவனிப்பது என நான்கு படிகளைச் சொல்கிறது. நம் பக்கம் முதல் படியே பாதியில் நிற்கிறது. மனுவுக்கு இன்னும் முழுப் பதில் வரவில்லை. விடப் போவதில்லை.

பிள்ளைகளுக்குச் சிறிதாகிப்போன கருவிகளைத் திரும்ப வாங்கி, ஃபோம் மாற்றி, அடுத்த பிள்ளைக்கு அளந்து பொருத்தித் தருகிறோம். பிளைவுட்டில் கார்னர் சேர் (மூலைபோல் முதுகையும் இரு பக்கத்தையும் தாங்கும் இருக்கை) செய்து தரும் தச்சருக்கும், இரண்டு தெரபிஸ்டுகளுக்கும், வகுப்பறை தந்த பள்ளிக்கும் சங்கத்தின் நன்றி.

வரும் ஆண்டுக்கு இரண்டு முன்மொழிவுகள். ஒன்று, ஆறு மாதத்துக்கு ஒருமுறை எல்லாப் பிள்ளைகளையும் நாற்காலியோடு வரவழைத்து மறுபடி அளப்பது. இரண்டு, பெல்ட், குஷன், சக்கரம் பழுது பார்க்கத் தனி நிதி ஒதுக்குவது. இவற்றையும் இந்த அறிக்கையையும் பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு முன்வைக்கிறேன்.

செயலாளர்