கீஹோல் ஆபரேஷன்ல மூச்சுக் குழாய்

ஆசிரியருக்கு வணக்கம். வயித்துல சின்ன ஓட்டை போட்டு கேமரா விட்டுப் பண்ற கீஹோல் ஆபரேஷன் பத்தின உங்க கட்டுரை நல்லா இருந்துச்சு, ஆனா மயக்கத்துல இருக்கிறவங்களுக்கு மூச்சு எப்படி குடுக்கிறாங்கங்கிறத ஒரே வரியில முடிச்சிட்டீங்களே, தியேட்டர்ல மயக்க மருந்து பக்கம் நிக்கிற எனக்கு அது உறுத்துச்சு.

வயித்துக்குள்ள கார்பன் டை ஆக்சைட 12-லருந்து 15 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம் வரைக்கும் ஏத்துறாங்க, வயிறு உப்பி, நெஞ்சுக்கும் வயித்துக்கும் நடுவுல இருக்கிற உதரவிதானத் தசைய மேல தள்ளுது, அப்போ நுரையீரலுக்குக் காத்து அனுப்பவே கூடுதல் அழுத்தம் தேவைப்படுது. அதான் மூச்சுக்குழலுக்குள்ளயே இறங்குற எண்டோட்ரக்கியல் ட்யூப்ப எல்லாரும் நம்புறாங்க, நுனி பலூன ஊதிட்டா காத்து கசியிற பயம் பெருசா இல்ல. ஆனா போடும்போது பிபி எகிறும், எடுக்கும்போது இருமல், மறுநாள் தொண்டை வலின்னு புலம்புறவங்களும் நெறைய பேரு.

ட்யூபுக்குப் பதிலா, ஆர்ச்சி பிரெயின்ங்கிற பிரிட்டிஷ் மயக்க மருந்து டாக்டர் 1980-கள்ல கொண்டுவந்த லாரிஞ்சியல் மாஸ்க்ங்கிற மூச்சுக் கருவி மூச்சுக்குழலுக்குள்ள இறங்காம குரல்வளைக்கு மேலயே உக்காந்துக்கும். பழைய மாடல் 20 சென்டிமீட்டர் தண்ணி அழுத்தம் வந்தாலே பெரும்பாலும் புஸ்ஸுன்னு கசியும், காதுக்கே கேக்கும். இதே மாதிரி பின்னாடி வந்த ப்ரோசீல், ஐ-ஜெல் கருவிங்க ரெண்டுலயும் காத்து கசியாம அடைக்கிறது பரவால்ல, இரைப்பையில இருக்கிற காத்தையும் தண்ணியையும் உறிஞ்சி எடுக்க தனி ஓட்டையும் இருக்கு. ஐ-ஜெல்லுல பலூன் ஊதுற வேலையே கெடையாது, மெத்துன்னு இருக்கும், சட்டுன்னு போட்டுடலாம்.

என்னக் கேட்டா வெறும் வயிறு, சாதாரண உடம்பு, சின்ன ஆபரேஷன்னா, போடுறவருக்குக் கை பழக்கமும் இருந்தா இந்த மாதிரி மாஸ்க்கே போதும். குண்டான உடம்பு, நெஞ்செரிச்சல், தலைய நல்லா கீழ சாய்ச்சு மணிக்கணக்கா போற ஆபரேஷன்னா ட்யூப்தான். மயக்கத்துல இரைப்பையில இருக்கிறது மேல வந்து நுரையீரலுக்குள்ள போயிடக் கூடாது, முந்தின நாள்லருந்து கடைசியா எப்ப சாப்பிட்டீங்கன்னு நாங்க நச்சரிக்கிறது இதுக்குத்தான் சார்.

- மயக்கவியல் டெக்னீஷியன் ஒருவர்