ராணி மேரிக் கல்லூரி வளாகம் வீணாகக் கிடக்கவில்லை

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மெரினா கடற்கரைச் சாலையைப் பற்றிச் சென்ற ஞாயிறன்று தாங்கள் வெளியிட்ட கட்டுரையில், "1917-இல் தொடங்கப்பட்ட ராணி மேரிக் கல்லூரியின் பெரிய வளாகம் நகரின் நடுவே வீணாகக் கிடக்கிறது" என்று ஒரு வரி இருந்தது. நாற்பது ஆண்டுகளாகத் தங்கள் இதழைக் காசு கொடுத்து வாங்கிப் படிக்கும் எனக்கு, அதற்கு மேல் படிக்க மனம் வரவில்லை.

கல்லூரி தொடங்கியது 1914-இல், சென்னை மகளிர் கல்லூரி என்ற பெயரில். 1917-இல் மாறியது பெயர் மட்டுமே. கேப்பர் மாளிகையில் 37 மாணவிகளோடு தொடங்கிய அதை 1936 வரை முதல்வராக இருந்து வளர்த்த டோரத்தி டி லா ஹே அம்மையாரைத் தாங்கள் அறியாதிருக்க மாட்டீர்கள். சாலையோரச் சிலைகள் அனைத்தையும் வரிசையாகச் சொன்ன கட்டுரையில் அவர் பெயருக்கு இடமில்லாமல் போனது.

செய்யாறு பக்கத்துக் கிராமத்திலிருந்து 1974-இல் அங்கே புகுமுக வகுப்பில் சேர்ந்தவள் நான். எங்கள் குடும்பத்தில் எஸ்.எஸ்.எல்.சி.யைத் தாண்டிய முதல் பெண். வீட்டில் எனக்கென்று ஒரு மூலைகூட இருந்ததில்லை. விடுதிக்கு வந்த பிறகுதான், மாலையில் மரத்தடியில் உட்கார்ந்து, கடற்காற்றில் படபடக்கும் தாளை முழங்கையால் அழுத்திக்கொண்டு, யாரும் வேலை சொல்லிக் கூப்பிடாமல் இருட்டும்வரை படித்தேன். எழும்போது புத்தக அட்டை உப்பில் பிசுபிசுத்திருக்கும். தாவரவியல் அறிஞர் ஜானகி அம்மாள் படித்ததும் இக்கல்லூரியில்தான். பெண்பிள்ளைகள் நடமாடும் இடம் மட்டும் மற்றவர் கண்ணுக்கு ஏன் காலி மனையாகவே தெரிகிறது?

2003-இல் அங்கே தலைமைச் செயலகம் கட்டப்போவதாக அரசு அறிவித்தபோதும் இதே பேச்சுத்தான் எழுந்தது. மாணவிகள் வளாகத்தை விட்டு நகர மறுத்துப் போராடினார்கள். பழைய மாணவிகளாகிய நாங்களும் வாயிலில் வெயிலில் நின்றோம். திட்டம் கைவிடப்பட்டது. ஆயினும் சில ஆண்டுகளில், பழுதடைந்துவிட்டது என்று சொல்லிக் கேப்பர் மாளிகையை இடித்துவிட்டார்கள். காலத்தில் பழுது பார்த்திருந்தால் அது நின்றிருக்கும் என்றே இன்றும் நம்புகிறேன்.

தொடங்கிய ஆண்டைத் திருத்தி ஒரு சிறு குறிப்பு வெளியிடுமாறும், 'வீணாக' என்ற சொல்லை இணையப் பதிப்பிலிருந்தாவது நீக்குமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
முன்னாள் மாணவி ஒருத்தி,
மயிலாப்பூர், சென்னை