குண்டர் சட்டம்: அந்த நகல் கட்டைப் புரட்டிப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

'குண்டாஸ் போட்டாச்சு, இனி ஒரு வருஷத்துக்கு ஒன்றும் செய்யமுடியாது' என்று குடும்பங்கள் ஓய்ந்துவிடுகின்றன. குண்டர் சட்டம் எனப்படும் 1982-ஆம் ஆண்டின் தமிழ்நாடு 14-ஆம் சட்டம் விசாரணை இல்லாமலே 12 மாதம் வரை அடைத்துவைக்க விடுகிறது, உண்மைதான். ஆனால் படிக்குப் படி நாள் கணக்கும் வைத்திருக்கிறது. காவலில் வைத்த 5 நாளுக்குள் காரணங்களைத் தரவேண்டும். கலெக்டரோ கமிஷனரோ போட்ட ஆணைக்கு 12 நாளுக்குள் அரசின் ஒப்புதல் வேண்டும். காவலில் வைத்த 3 வாரத்துக்குள், காவலுக்குப் போதிய காரணம் உண்டா என்று பார்க்கும் அறிவுரைக் கழகத்துக்குப் போகவேண்டும். காவலில் வைத்த 7 வாரத்துக்குள் அதன் அறிக்கை வரவேண்டும். போதிய காரணமில்லை என்று கழகம் சொன்னால் விட்டே ஆகவேண்டும். அங்கே வக்கீல் வைக்கும் உரிமை மட்டும் கிடையாது.

பல ஆணைகள் உடைவது, ஆணைக்கு ஆதாரமான ஆவணங்களின் நகல்கள் என்று சிறையில் கையில் கொடுக்கும் கட்டினால்தான். எஃப்.ஐ.ஆர். நகல் கருப்படித்திருக்கும். ரிமாண்ட் உத்தரவு ஆங்கிலத்தில் மட்டும் இருக்கும். நடுவே இரண்டு பக்கம் காணாது. படிக்கவே முடியாத தாளுக்கு எதிராக ஒருவர் என்ன முறையீடு எழுதுவார்? அரசியலமைப்பின் 22(5)-ஆம் பிரிவு தரும் முறையிடும் உரிமை அங்கேயே செத்துப்போகிறது.

அடுத்தது, ஏற்கெனவே ரிமாண்டில் இருப்பவர் வெளியே வந்துவிடக்கூடும் என்று காட்ட ஆணையில் எழுதும் ஜாமீன் பத்தி. 'இதுபோன்ற வழக்குகளில் ஜாமீன் கிடைத்துள்ளது, இவரும் வெளியே வந்துவிடுவார்' என்ற வரியை ஆணைக்கு ஆணை ஒட்டுகிறார்கள். எந்த வழக்கு, என்ன தேதி, அது உடன் குற்றஞ்சாட்டப்பட்டவருக்குக் கிடைத்த ஜாமீனா என்ற விவரமே இல்லாத ஓர் ஆணையை, ரேகா வழக்கில் 2011-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது.

ஆகவே கட்டு கைக்கு வந்த அன்றே பக்கம் பக்கமாகச் சரிபாருங்கள். தெளிவில்லாதவற்றைப் பக்க எண்ணோடு குறித்து, உள்ளே இருப்பவரின் கையெழுத்துடன் ஆணையிட்ட அதிகாரிக்கும் உள்துறை, மதுவிலக்கு மற்றும் ஆயத்தீர்வைத் துறைச் செயலாளருக்கும் முறையீடு அனுப்புங்கள். அனுப்பிய ரசீதைத் தொலைக்காதீர்கள். முறையீட்டை அரசு எத்தனை நாள் காரணமில்லாமல் கிடப்பில் போட்டது என்பதை காவலை எதிர்த்து நீதிமன்றத்தில் போடும் ஆட்கொணர்வு மனுவில் எண்ணிக் காட்டமுடியும். அரசு விடுமுறைகளைக் கழித்துத்தான் எண்ணுவார்கள்.

அந்த மனு இறுதி விசாரணைக்கு வருவதற்குள் மாதங்கள் ஓடிவிடுகின்றன என்பதுதான் கொடுமை. மங்கிய நகலை வைத்த அதிகாரியிடம் யாரும் கேட்பதில்லை. அடுத்த ஆணையிலும் அதே நகல் மெஷின்தான். மாவட்டவாரியாக எத்தனை ஆணை போட்டார்கள், எத்தனை ரத்தாயின, எந்தக் குறைக்காக என்று அரசு ஆண்டுதோறும் வெளியிடட்டும்.

வழக்கறிஞர் ஒருவர்,
மதுரை