வான் பாயும் தண்ணியும் ஆடி மாதத் தண்ணியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

யாழ்ப்பாணக் குடிநீர் பற்றிச் சென்ற ஞாயிறு உங்கள் பத்திரிகையில் வந்த கட்டுரையில், கிளிநொச்சி இரணைமடுக் குளத்துக் கமக்காரர் யாழ்ப்பாணத்துக்குத் தண்ணீர் தர மறுத்த கதையும் ஒரு வரியில் வந்துபோனது. மறுத்தவர்களில் நானும் ஒருவன். உருத்திரபுரத்தில் வாய்க்காலின் கடைசிப் பக்கம் எனக்கு மூன்று ஏக்கர் வயல். அந்த ஒரு வரி கொஞ்சம் சுட்டது.

என் அக்கா யாழ்ப்பாணத் தீவுப்பகுதியில், வேலணையில் வாழ்க்கைப்பட்டவள். ஆடி பிறந்தால் அவள் வீட்டுக் கிணறு உவர்த்துவிடும். தண்ணீர் பவுசர் வரும் நாளில் படலையடியில் பரலை வைத்துவிட்டுக் காத்திருப்பாள். ஒரு மார்கழியில் தொலைபேசியில் கேட்டாள்: "தம்பி, உங்கட குளம் வான் பாயுது எண்டு ரீவியில காட்டுறாங்கள். கடலுக்கு விடுற தண்ணியில எங்களுக்கு ஒரு வாளி தரமாட்டியளோ?" எனக்கு உடனே பதில் வரவில்லை. பிறகுதான் யோசித்தேன். அவள் கேட்டது மார்கழித் தண்ணீரை. அவளுக்கு வேண்டியதோ ஆடித் தண்ணீர்.

மார்கழியில் குளம் நிரம்பி வான்கதவு திறந்தால் தண்ணீர் கனகராயன் ஆற்றால் சுண்டிக்குளத்துக்குப் போய்க் கடலோடு கலந்துவிடும். அதை யார் அள்ளினாலும் எங்களுக்கு வருத்தமில்லை. ஆடியில் குளத்தில் கிடப்பது சிறுபோகத்துக்கென்று, அதாவது கோடை வெள்ளாமைக்கென்று அளந்து வைத்த தண்ணீர். குளத்துத் தண்ணீரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோக 2010 இல் வந்த திட்டம் நாளுக்கு 27,000 கன மீற்றர் கேட்டது. வருடத்துக்குக் கணக்குப் பார்த்தால் ஏறத்தாழ 8,000 ஏக்கர் அடி (ஓர் ஏக்கரில் ஓர் அடி உயரம் நிற்கும் தண்ணீர் ஓர் ஏக்கர் அடி). சிறுபோக நெல்லுக்கு ஏக்கருக்கு நாலு ஏக்கர் அடி என்று வைத்தாலும், 2,000 ஏக்கர் வயலின் தண்ணீர் அது. குளத்தின் கீழ் ஏறத்தாழ 21,000 ஏக்கர் இருக்கிறதே என்று கேட்கலாம். சரி, ஆனால் சிறுபோகத்தில் அத்தனையும் விதைப்பதில்லை. தண்ணீர் எத்தனை அடி நிற்கிறது என்று பார்த்துத்தான் எத்தனை ஏக்கர் என்று முடிவாகும். வெட்டு விழுந்தால் முதலில் விழுவது கடைசி வாய்க்காலில்.

ஒரு சிறுபோகம், நெல் கதிர் வெளிவருமுன் உள்ள குடலைப் பருவம். எங்கள் முறை இரவு பதினொரு மணிக்கு. ரோச் லைட்டோடு வரம்பில் குந்தியிருந்தேன். தண்ணீர் கணுக்கால் அளவுக்கு வந்தது, இரண்டு மணிபோல் நின்றுவிட்டது. வாய்க்காலோடு மேலே நடந்து பார்த்தால், ஒருவர் மண் நிரப்பிய உரப்பைகளைக் குறுக்கே போட்டுவிட்டுப் பக்கத்திலேயே படுத்திருக்கிறார். அவரும் கெட்ட மனுசன் இல்லை, அவருடைய நெல்லும் குடலையில்தான். இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லை. ஒரு பையை நான் தூக்கினேன், மற்றதை அவர் விட்டுவைத்தார். அந்தப் போகம் எனக்குக் கடைசிப் பாத்தி முழுக்கப் பதர். ஒரே வாய்க்காலில் இருக்கிறவர்களுக்குள்ளேயே இந்தப் பாடு என்றால், யாழ்ப்பாணத்துக்குக் குழாய் போடப் போகிறோம் என்றதும் ஏன் பயந்தோம் என்பது விளங்கும்.

குளத்தைப் பெருப்பித்தால் தீராதா என்பார்கள். பெருப்பித்தார்கள். 34 அடியை 36 அடியாக்கி 2018 டிசம்பரில் திறந்தார்கள். அதே மாதமே வெள்ளம் வந்து கிளிநொச்சியின் பாதி ஊர் பள்ளிக்கூடங்களில் படுத்தது. வான் பாயும் தண்ணீரைக் கடலுக்கு முன்னால் மறித்து ஆனையிறவு ஏரியையும் வடமராட்சி ஏரியையும் நன்னீராக்கலாம் என்று பொறியியலாளர் ஆறுமுகம் அந்தக் காலத்திலேயே திட்டம் போட்டார். அக்கா கேட்ட கேள்விக்கு நேர் பதில் அதுதான். அரைகுறையில் நிற்கிறது.

கடைசியில் கடல்நீர்தான் கைகொடுத்தது. 2024 ஆகஸ்டில் யாழ்ப்பாண மாவட்டத்துத் தாளையடியில் திறந்த நிலையம் நாளுக்கு 24,000 கன மீற்றர் நன்னீர் தரக்கூடியது. எங்கள் குளம் தப்பியது என்று நாங்களும் மூச்சு விட்டோம். ஆனால் கடல்நீரை நன்னீராக்க ஒரு கன மீற்றருக்கு மூன்று, நாலு அலகு மின்சாரம் போகும். முழுவதும் ஓடினால் நாளுக்கு 70,000 அலகுக்கு மேல். குளத்துத் தண்ணீர் தரமாட்டோம் என்றவர்கள், காற்றாலையும் வேண்டாம், சூரியத்தகடும் வேண்டாம் என்றால், அது எதில் ஓடுவது? இதை எங்கள் கமக்காரர் அமைப்பில் சொன்னபோது இரண்டு பேர் முறைத்தார்கள்.

அதற்காகக் கேள்வி கேட்காமல் இருக்க ஏலாது. சுன்னாகத்தில் மின் நிலையத்து எண்ணெய் கிணறுகளில் கலந்து, 2019 இல் உயர் நீதிமன்றம் இரண்டு கோடி ரூபா இழப்பீடு கட்டச் சொன்னதை யாழ்ப்பாணத்தார் மறந்திருக்கமாட்டார்கள். மன்னாரில், காற்றாலைக்குப் போட்ட பாதைகள் மழைத்தண்ணீர் கடலுக்கு ஓடும் வழியை மறித்துவிட்டன என்று சனம் சொல்கிறது. 2025 இல் வீதிக்கே இறங்கிவிட்டார்கள். எங்கள் மாவட்டத்திலும் பூநகரிக் குளத்தில் 700 மெகாவாட் சூரிய மின் திட்டத்துக்கு அமைச்சரவை 2023 இல் ஒப்புதல் கொடுத்தது. ஒரு குளத்தைத் தொடும் வேலை அது. தகடு எங்கே நிற்கும், குளத்தின் நீர்வரத்து எந்தப் பக்கம், மாடு எங்கே தண்ணி குடிக்கும் என்று அந்த ஊர்க் கமக்காரரிடம் கையெழுத்துக்கு முன்னால் கேட்டிருக்க வேண்டும் அல்லவா?

கேட்பதற்குப் புதிதாக ஒரு சபை வேண்டியதில்லை. நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டப்படி ஒவ்வொரு போகத்துக்கும் பயிர்ச்செய்கைக் கூட்டம் நடக்கிறது. அரசாங்க அதிபர் தலைமை, நீர்ப்பாசனப் பொறியியலாளர் பக்கத்தில், வாயில் வெற்றிலையோடு நாங்கள். விதைப்புக்கு எந்தத் திகதி, குளத்து மதகான துருசு திறக்க எந்தத் திகதி, எந்த வாய்க்காலுக்கு எத்தனை ஏக்கர், எல்லாம் அங்கேதான் முடிவாகும். சண்டையும் அங்கேதான். குளத்தையோ நீர்வழியையோ தொடும் மின் திட்டமும், நகரத்துக் குடிநீர்த் திட்டமும் அந்த மேசைக்கு வரட்டும். தாளையடிக்கு இந்தக் கோடையில் எத்தனை மின்சாரம், குளத்தில் எத்தனை அடி, தீவுப்பகுதிக்கு எத்தனை பவுசர் என்று ஒரே நாளில், எல்லோர் காதிலும் விழச் சொல்லட்டும். அப்படிச் சொன்னால், மழை நல்லாய்ப் பெய்த வருடத்தில் அக்காவின் ஊருக்குக் கொஞ்சம் கொடுப்போம் என்று கை தூக்க நானே ஆயத்தம். இத்தனை வருடத்தில் யாரும் எங்களை அப்படிக் கேட்கவில்லை.

வரும் சிறுபோகக் கூட்டத்தில் மின்சாரக்காரருக்கும் ஒரு கதிரை போடச் சொல்லி எங்கள் அமைப்பின் பெயரில் கடிதம் கொடுக்கப்போகிறோம். முறைத்த இரண்டு பேரில் ஒருவர் கையெழுத்து வைத்துவிட்டார்.

இப்படிக்கு,
ஒரு கமக்காரன்
உருத்திரபுரம், கிளிநொச்சி